அமரத்துக்கு விட்ட திறப்பு

ஊசி இறங்குவதற்கு முன் இடது கைப் பெருவிரல் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது. தடித்த துணி. இரண்டாக மடித்து, நடுவே நைலான் பட்டை வைத்தது. வலது கை மெஷின் சக்கரத்தைப் பிடித்து மெல்ல உருட்டியது. காலால் மிதித்து ஓட்டினால் இந்த மூலையில் தையல் ஒரு நூல் தள்ளிப் போகும், மழைத் தண்ணீர் இறங்க அந்த ஒரு நூல் போதும். ஆகவே ஒவ்வொரு குத்தையும் கையாலேயே உருட்டி, மூலை வந்ததும் மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி உருட்டி, அந்தக் கைகள் ஒரு சதுரத் திறப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. திறப்புக்கு மேலே ஒரு மூடி. மூடியின் மூன்று பக்கமும் ஜிப். ஜிப்பின் மேல் தண்ணீர் தங்காமல் ஒரு மடிப்பு. மூடியைச் சுருட்டிக் கட்ட இரண்டு வார்.

அந்தக் கடையில் அவர் அதுவரை தைத்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். அது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அவரைத் தெருவில் சீட்டுக்காரர் என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், சீட்டுப் பிடிக்கிறவராக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து அடுத்த குலுக்கல் எப்போது என்று கேட்பதுண்டு. "இது உக்கார்ற சீட்டுங்க" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். டயர் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஒரு ஷட்டர் அளவுக்குக் கடை. உள்ளே ஒரு மெஷின், சுவரில் சாத்திய ரெக்சின் சுருள்கள், எப்போதும் பசை வாடை.

பஸ், வேன், லாரி, ஆட்டோ என்று எதற்கு உறை கேட்டாலும் தைப்பார். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. இளவயதில் கிழிந்த உறைகளைத் தேடி எடுத்துவந்து, தையல் தையலாகப் பிரித்து, எந்தத் துண்டு முதலில், எது பிறகு என்று தரையில் பரப்பிப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவர். அப்படிக் கற்றவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தெரியாது என்ற சொல் வாயில் வராது. வந்தால் வேலை அடுத்த கடைக்குப் போய்விடும் என்ற பயம். கேள்விப்படாத ஒரு வண்டியின் பெயரைச் சொல்லி யாராவது வந்து நின்றால், "அதுக்கென்ன, தைச்சிடலாம்" என்பார். வந்தவர் போனதும், அந்த மாதிரி வண்டி எங்கே நிற்கும் என்று விசாரித்துப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். வண்டி கண்ணுக்குத் தெரிகிற பொருள், பார்த்தால் போதும். இத்தனை காலத்தில் அந்தப் பழக்கம் அவர் காலை வாரிவிட்டதில்லை.

படகு வேலை சம்பந்தி மூலமாக வந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை இன்ஜின் மெக்கானிக். மாப்பிள்ளையின் அப்பா, ஆறு கடலில் சேரும் இடத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகிற மோட்டார் படகில் சுக்கான் பிடிப்பவர். அளந்து பேசுகிற மனிதர். கல்யாணப் பேச்சின்போது பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று அந்த வீட்டில் யாரோ கேட்க, "வண்டி, படகு எல்லாத்துக்கும் தையல் வேலைங்க" என்று இவர் ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லிவிட்டார். படகுக்கென்று ஒரு முடிச்சுகூடப் போட்டதில்லை. தண்ணீரில் பிழைக்கிற வீட்டில் பெண் கொடுக்கிறோம், கூட ஒரு வார்த்தை இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான்.

அந்த ஒரு வார்த்தையைச் சம்பந்தி மறக்கவில்லை. படகைப் பழுதுபார்க்கக் கரையேற்றினார்கள். மேலே போட்டிருந்த கூரைத் துணி நைந்துபோயிருந்தது, புது டாப்பு தைக்க ஆள் பார்க்க வேண்டும் என்றார் படகு முதலாளி. "வெளிய எதுக்குங்க, நம்ம சம்பந்தியே செய்வார்" என்று சம்பந்தி வாக்குக் கொடுத்துவிட்டார்.

அளவெடுக்கப் போன அன்று படகு கட்டைகளின் மேல் ஏறி நின்றது. இன்ஜினை இறக்கியாகிவிட்டது. சுக்கான், அதன் கைப்பிடி, நின்று ஓட்டுகிற பலகை எல்லாம் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தன. கூரையைத் தாங்குகிற வளைந்த இரும்புப் பைப்புகள் மட்டும் படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விலா எலும்பு மாதிரி நின்றன. கீழே இரண்டு ஆட்கள் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து உளியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பாதிப் பேச்சுதான் காதில் விழும். இவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு பைப்பு பைப்பாக அளந்தார். சம்பந்தி கூடவே வந்தார்.

"சம்பந்தி, அமரத்துல மட்டும் மேல திறப்பு விட்டுடுங்க. ஒரு ஆள் நிமிர்ந்து நிக்கணும்."

"சரிங்க."

"அணியத்தை நல்லா இறக்கிடுங்க. தண்ணி தெறிக்கும்."

"இறக்கிடறேன்."

சம்பந்தி நின்றார். "அணியம், அமரம்... தெரியும்ல?"

இவர் நாடாவை உதறிச் சுருட்டினார். "தெரியாமலா சம்பந்தி."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த இரண்டு சொற்களையும் மனதுக்குள் புரட்டிக்கொண்டே வந்தார். கஷ்டமாகத் தெரியவில்லை. அமரம் என்றால் அமர்கிற இடம். படகின் நடுவில் ஆட்கள் உட்கார்கிற பலகைகள் இருக்கின்றன. எழுந்து இறங்கும்போது தலை இடிக்கும், அதற்குத்தான் மேலே திறப்பு. அணியம் என்றால் அணி, அலங்காரம். ஓரத்தில் தொங்கவிடுகிற தொங்கல். அதை இரண்டு முனையிலும் இறக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே தெறிக்காது. எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வருகிற ஒன்றைப் போய் யாரிடம் கேட்பது?

மனைவி கேட்டாள். துணியை வெட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், "அமரம்னா உக்கார்ற இடம்னு அவர் சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா?" என்றாள்.

"தமிழ்லதானே சொன்னாரு. இதுக்கு அகராதியா வேணும்?"

"இல்ல, கேட்டுக்கிட்டா நல்லதாச்சேன்னு."

"நீ அந்தப் பக்கம் இழுத்துப் பிடி."

படகு தண்ணீரில் இறங்கிய அன்று காலையில் டாப்பைக் கொண்டுபோய் மாட்டினார். படகு இல்லாமல் இத்தனை நாள் சுற்றுவழியில் போய்வந்த ஜனங்கள் துறையில் கூட்டமாக நின்றார்கள். துணி பைப்புகளின் மேல் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது. சட்டை மாதிரி உட்கார்ந்தது என்று டிக்கெட் கொடுப்பவர் சொன்னார். முதலாளி உள்ளே குனிந்து வந்து நடுவில் இருந்த திறப்பைப் பார்த்தார். "நடுவுல ஜன்னல் வெச்சிருக்கீங்களா? நல்லாருக்கே. காத்து வரும்."

சம்பந்தி பின்னால் நின்றிருந்தார். நடுத் திறப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு, தான் நிற்க வேண்டிய இடத்தில் மேலே முழுவதும் மூடி, பின்னால் அழகான தொங்கலும் விட்டிருந்த துணியைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, சரியா இருக்கா?"

"தையல் ரொம்ப நேர்த்தி" என்றார் சம்பந்தி.

அவ்வளவுதான் சொன்னார். தொங்கலைச் சுருட்டி ஒரு கயிற்றால் கட்டினார். சுக்கான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கிக் குனிந்து நின்றார். கூரைக்கு மேலே தலையை நீட்டி ஆற்றைப் பார்த்து ஓட்ட வேண்டியவர், கூரைக்கு அடியில், உட்கார்ந்திருந்தவர்களின் தலைகளுக்கு நடுவே கிடைத்த சந்துவழியாகப் பார்த்து ஓட்டினார். கூடவே படகில் ஏறியிருந்த இவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. லாரி ஓட்டுகிறவர்கூடச் சில சமயம் குனிந்துதான் பார்க்கிறார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போதுதான் மழை பிடித்தது. திறப்பின் மூடியைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அதை இழுத்து மூட எழுந்த ஒரு பயணி ஜிப் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் தடுமாறினார். தண்ணீர் தொட்டியைக் கவிழ்த்தது மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் கொட்டியது. எல்லோரும் எழுந்து இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பின்னால் இருந்தவருக்கு இப்போது சந்தும் இல்லை, முதுகுகள்தான் தெரிந்தன. "உக்காருங்க, உக்காருங்க" என்று சம்பந்தி சொன்னது மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆற்றின் இழுப்பு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போக, படகு துறையின் முளைக்கட்டையில் போய் மோதியது.

ஒரு பெண்மணிக்கு உதடு கிழிந்தது. யாருடைய கூடையோ தண்ணீரில் விழுந்து, தக்காளிகள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. சீட்டுக்காரர் நனைந்த தோளோடு கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

துறையில் குடையோடு நின்ற முதலாளி இறங்கி வந்தார்.

"இத்தா பெரிய துறை தெரியலையாய்யா உனக்கு? கண்ணு மங்கிப் போச்சுன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே."

"என் தப்புதாங்க. கணிப்பு தப்பிடுச்சு" என்றார் சம்பந்தி.

மறுநாளிலிருந்து சுக்கான் முதலாளியின் மச்சானிடம் போயிற்று. அதுவரை முன்னால் நின்று துறைக்குக் கயிறு வீசுகிற வேலை மச்சானுடையது. அதைச் சம்பந்திக்குக் கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து மகள் வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். இவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பழைய உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா சரியா சாப்பிடறதே இல்லம்மா. நாள் பூரா அணியத்துல நின்னு கயிறு வீசிட்டு வர்றாரு. தோள் வலின்னு வாயத் திறந்து சொல்ல மாட்டேங்கறாரு. அமரத்துல நிக்கிற முதலாளி மச்சானும் குனிஞ்சு குனிஞ்சுதான் ஓட்டறாராம். ஆனா அவரை யாரு கேக்கறது?"

பிரித்துக்கொண்டிருந்த பிளேடு நின்றது.

"அணியத்துலயா?" என்றார் இவர்.

"ஆமாப்பா. முன்னாடி."

"முன்னாடி."

"படகுக்கு முன்பக்கம்தானே அணியம். பின்பக்கம் அமரம். சுக்கான் பிடிக்கிறவர் நிக்கிற இடம். என்னப்பா, நீங்கதானே டாப்பு தைச்சீங்க?"

"தெரியும். சும்மா கேட்டேன்."

அதைச் சொன்னபோது காது மடல்வரை சூடு ஏறியதை அவரே உணர்ந்தார். பிளேடை மறுபடி துணியில் வைத்தார், கை ஓடவில்லை. சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அமர்ற இடம்னு சொன்னீங்க."

இவர் பிரித்துப் போட்ட நூல்களைப் பொறுக்கினார்.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"விடும்மா" என்றாள் மகள். அவள் முகம் இன்னும் வாடிப்போயிருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டோமோ என்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "மாமாவுக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. அத்தை கோவமா பேச ஆரம்பிச்சாங்க. 'பொண்ணு கொடுத்தவங்க, அவங்களைப் பத்தி இந்த வீட்டுல ஒரு பேச்சு வரக் கூடாது'ன்னு மாமா சொல்லிட்டாரு. அதோட யாரும் பேசல" என்றாள்.

அந்த வீட்டில் அவளைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. தன் மேல் கோபப்பட வேண்டிய ஒரு வீடு முழுவதும் வாயை மூடிக்கொண்டு, தன் மகளுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகு அவர் துறைப் பக்கம் போகவில்லை. நூல் வாங்கப் போனால்கூடச் சந்தைக்குள் புகுந்து சுற்றிப் போனார். டயர் கடைக்காரர் ஒருநாள் டயரை உருட்டிக்கொண்டே, "என்ன சீட்டுக்காரரே, நீங்க தைச்சதுல சம்பந்திக்குச் சீட்டு கிழிஞ்சுபோச்சாமே" என்றார். சும்மா ஒரு வார்த்தை விளையாட்டுக்குச் சொன்னதுதான், டயர் கடைக்காரருக்கு முழு விஷயமும் தெரியாது. ஆனால் இவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். கண்ணெதிரில் சுவரில் அந்த டாப்பில் மிஞ்சிய துணிச் சுருள் நின்றது.

யோசித்துப் பார்த்தார். சம்பந்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம். அவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். இவருக்கு மனது ஆறும். சுக்கான் திரும்பி வராது. துறையில் எல்லோரும் அவருக்குக் கண் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். படகு ஓட்டுகிறவரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு பரவினால் இன்னொரு படகிலும் ஏற்ற மாட்டார்கள். ரகசியமாகத் துணியைச் சரிசெய்து மாட்டினாலும் அந்தப் பேச்சு அப்படியேதான் இருக்கும்.

மறுநாள் காலை நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனார்.

படகு வந்து நின்றிருந்தது. முன்னால் சம்பந்தி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வளையத்தின் மேல் வளையமாக, எல்லாம் ஒரே அளவில் விழுந்தன. பின்னால் முதலாளியின் மச்சான் தொங்கலை இரண்டு பக்கமும் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டிவிட்டு, குனிந்தபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏறுவதற்கு ஆட்கள் நின்றார்கள். டிக்கெட் கொடுப்பவர் தன் ஸ்டூலில் இருந்தார். முதலாளி அவருக்குப் பக்கத்தில்.

"என்ன சீட்டுக்காரரே, மிச்சம் இருக்கறதையும் கிழிக்க வந்தீங்களா?" என்றார் முதலாளி.

"ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்க."

சம்பந்தி கயிறு சுருட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

"அமரம்னா எதுங்க?"

"என்னது?"

"அமரம்னா எந்த இடம்னு காட்டுங்க. எனக்குத் தெரியாது."

முதலாளி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், படகின் நடுத் திறப்பைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். "தெரியாமத்தான் தைச்சீங்களா?"

"ஆமாங்க. அமர்ற இடம்னு நெனச்சேன். ஆளுங்க உக்கார்ற இடத்துக்கு மேல திறப்பு கேக்கறாருன்னு நடுவுல வெச்சிட்டேன். அவர் சரியாத்தான் சொன்னாரு. பின்னால நிக்கிறவருக்குத் திறப்பு வேணும்னுதான் சொன்னாரு."

"அப்ப அணியம்?"

"அணி... அலங்காரம். ஓரத்துல தொங்கவிடறது."

டிக்கெட் கொடுப்பவரால் அடக்க முடியவில்லை. "அதான் பின்னாடியும் ஜாலர் கட்டினாரா. ஐயா, நங்கூரம்னா ஏதோ ஊர் பேருன்னு நெனச்சிருப்பாரு போல." நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். உதட்டில் தையல் போட்ட தடத்தோடு நின்ற அந்தப் பெண்மணியும் அங்கே இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் இவர் தரையைப் பார்த்தார்.

முதலாளி முன்பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமாய்யா?"

"தெரியும்" என்றார் சம்பந்தி.

"தெரிஞ்சும் என் தப்புன்னு ஏன்யா சொன்ன?"

சம்பந்தி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "சம்பந்திங்க" என்றார்.

"சம்பந்தியாம். சம்பந்திக்காக நாலு பேரை முட்ட விட்டிருக்க. மேல ஆள் நிக்க வழியில்லன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா படகை எடுத்தே இருக்க மாட்டோம்." முதலாளிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, இரண்டு பேரையும் திட்டினார். மச்சான் பின்னாலிருந்து, "எனக்கு இடுப்பே போச்சு" என்று சேர்ந்துகொண்டார். கடைசியில் முதலாளி கையை வீசினார். "அதைக் கழட்டிக் கொண்டுபோய் ஒழுங்கா தைச்சுக் கொண்டாங்க. மாட்டினதும் இவனே ஓட்டட்டும். தப்பு கண்ணுலயா துணியிலயான்னு எல்லாரும் பாக்கட்டும்."

துணியைக் கழற்றும்போது இருவரும்தான் படகில் இருந்தார்கள். கொக்கிகளைச் சம்பந்தி ஒரு பக்கத்திலிருந்தும் இவர் மறுபக்கத்திலிருந்தும் விடுவித்து வந்தார்கள்.

"இத்தனை பேர் முன்னால கேட்டிருக்க வேணாம்" என்றார் சம்பந்தி.

"தனியா கேட்டா எனக்குத்தாங்க நல்லது. உங்களுக்கு என்ன?"

சம்பந்தி அடுத்த கொக்கியை வெடுக்கென்று இழுத்தார். அவருக்குக் கோபம் இருந்தது. அது யார் மேல் என்று இவருக்குப் புரியவில்லை, கேட்கத் துணிச்சலும் இல்லை. ஆனால் இனி எதையும் ஊகித்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்ததால், சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துக்கொண்டு மற்றதைக் கேட்டார்.

"அமரம் இது" என்று சம்பந்தி காட்டினார்.

"இது."

இவர் பின்பக்கப் பலகையில் கையை வைத்துச் சொல்லிப் பார்த்தார். சாக்கட்டியால் எழுதினார். முன்னால் போய் அங்கேயும் கையை வைத்து, "அணியம்" என்று எழுதினார்.

"வலது, இடது சொல்றீங்களே, அது யாருக்கு வலது?"

"படகுக்கு. அமரத்துல நின்னு அணியத்தைப் பாத்தா எது வலதோ அது."

"நான் இப்படித் திரும்பி நின்னா?"

"நீங்க எப்படி வேணா நில்லுங்க. தலைகீழா நின்னாலும் படகுக்கு வலது மாறாது."

"டிரைவர் பக்கம் மாதிரி."

"அதேதான்." சம்பந்தியின் குரல் கொஞ்சம் இளகியது. "ஆனா காத்துப் பக்கம்னு சொன்னா அது மாறும். காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அது காத்துப் பக்கம். எதிர்ப்பக்கம் மறைவுப் பக்கம். படகு திரும்பினா ரெண்டும் மாறிடும்."

"அப்ப ஜிப்பை ஒரே பக்கத்துல வெச்சா பாதி நேரம் காத்துக்கு எதிர்ல இருக்கும்."

சம்பந்தி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "ஆமா. ரெண்டு பக்கத்துலேருந்தும் திறக்கணும். உள்ளேருந்தும் இழுக்கற மாதிரி இருந்தா நல்லது. ஒரு கைதான் சும்மா இருக்கும். இன்னொரு கை சுக்கான்ல இருக்கும்."

"எந்தக் கைங்க சும்மா இருக்கும்?"

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு சொல்லைக் கேட்டதும் அந்த இடத்தைத் தொட்டார். பிடிக்கும் கை எது, நிற்கும்போது நெஞ்சு எந்த உயரத்தில் வரும், அலை தெறித்தால் எங்கே நனையும், கயிறு வீசுகிறவருக்கு முன்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார். துறையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் "சீட்டுக்காரர் பாடம் படிக்கிறாரு" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்பதை நிறுத்தவில்லை.

கடையில் துணியைப் பரப்பி, நடுவில் தைத்த திறப்பைப் பிரித்தார். எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தாரோ அவ்வளவு நேரம் பிரிக்கப் பிடித்தது. மனைவி உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றுவிட்டார். மூடி, மடிப்பு, வார் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார். பின்பக்கத் தொங்கலை வெட்டி எறிந்தார். ஜிப்பை மாற்றி, இரண்டு பக்கமும் ஓடுகிற மாதிரி, உள்ளே விரல் நுழைகிற வளையத்தோடு வைத்தார். முன்பக்கத்தை இன்னும் தாழ இறக்கினார்.

நடுவில் இருந்த ஓட்டையை மூட மிச்சத் துணிச் சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டினார். அதே துணிதான், அதே நிறம்தான். ஆனால் வெயில் பட்ட துணியும் கடைக்குள்ளேயே இருந்த துணியும் ஒன்றாக இருக்காது. தைத்து முடித்து விரித்துப் பார்த்தபோது, கூரையின் நடுவில் ஒரு சதுரம் தனியாகத் தெரிந்தது. ஓரத்தை உள்ளே மடித்துப் பார்த்தார். நூலின் நிறத்தை மாற்றிப் பார்த்தார். தெரிந்தது. படகில் ஏறுகிற ஒவ்வொருவர் தலைக்கு மேலும், உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் அது படும்.

"வேற துணி வாங்கி முழுசா மாத்திடலாமே" என்றாள் மனைவி.

"வேணாம், தெரியட்டும்" என்றார். மடிக்கும்போது அவளும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

துறையில் முதலாளி இருந்தார், டிக்கெட் கொடுப்பவர் இருந்தார், ஏறுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். துணியைத் தோளில் சுமந்துகொண்டு அவர் படியிறங்குவதைப் பார்த்ததும் யாரோ, "ஜாலர் வருது" என்றார்கள். முதலாளியின் மச்சான் பின்னாலிருந்து எழுந்து, இடுப்பை நெளித்துக்கொண்டு முன்னால் வந்தார். சம்பந்தி முன்பக்கத்தில் சுருட்டிவைத்த கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, பலகைகளைத் தாண்டி, ஆட்கள் உட்கார்கிற இடத்தைக் கடந்து, பின்னால் போய் நின்றார். அங்கே அவர் நின்று ஓட்டுகிற பலகை போட்டிருந்தது. சுக்கான் கைப்பிடி இடுப்பில் தொட்டது.

இவர் அந்தப் பக்கமாகத் துறைவிளிம்பில் நடந்து அவருக்கு நேராக வந்து நின்றார். மடித்த துணியின் மேல்மடிப்பில் சாக்கட்டியால் 'அமரம்' என்று எழுதியிருந்தது.

சம்பந்தி அதைப் பார்த்தார். "இது எந்தப் பக்கம் சம்பந்தி?" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அமரம்."

"அமரம்னா?"

கேலியா, இல்லையா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பின்பக்கம். நீங்க நிக்கிற இடம்."

சம்பந்தி இரண்டு கைகளையும் நீட்டினார். இவர் குனிந்து, எழுத்து மேலே இருக்கும்படி, துணியை அந்தக் கைகளில் வைத்தார்.